வாகனத்தில் ஒரு தண்ணீர்க் கலன்

போன மாதம் கிளேரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. கிளேர் என் பழைய முதலாளியின் மகள். இப்போது நிறுவனத்தை அவள்தான் நடத்துகிறாள். புது வான்கள் எடுத்திருக்கிறார்கள், புதுச் சாரதிகள் சேர்ந்திருக்கிறார்கள். காப்புறுதிக்காரர் வந்து வானுக்குள் இருக்கவேண்டிய பொருட்களின் பட்டியலைக் கேட்டிருக்கிறார். தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, குடைகள் எல்லாம் அவருக்கு விளங்கிவிட்டது. பதினோராவது வரியில் "ஐந்து லிட்டர் தண்ணீர்க் கலன், நிரப்பியது. ஒரு குவளை" என்று இருக்கிறது. இது குடிக்கவா, என்ஜினுக்கு ஊற்றவா என்று கேட்டாராம். சாரதிகளைக் கேட்டால், "அது ராசா வைத்தது, எப்போதும் இருக்கும்" என்றார்களாம். அந்த ராசா நான்தான். முழுப் பெயர் இராசரத்தினம். அது பிரெஞ்சுக்காரரின் வாய்க்குள் நுழையாது.

"அவசரமில்லை, ஆறுதலாக எழுதி அனுப்புங்கள், புதியவர்களுக்கும் வாசிக்கக் கொடுக்க வேண்டும்" என்று கேட்டிருந்தாள். இரண்டு வரியில் பதில் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. முதலில் தமிழில் எழுதினால்தான் எனக்கு வரும். மருமகள் பிரெஞ்சில் மாற்றித் தருவாள்.

இருபத்திரண்டு வருடம் நான் செய்தது இதுதான். காலையில் பாரிசின் கார் டு நோர் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள ஹோட்டல்களில் ஆட்களை ஏற்றி, வடக்கே சோம் ஆற்றுப் பக்கம் கொண்டுபோய், முதலாம் உலகப் போரில் செத்தவர்களின் கல்லறைகளைக் காட்டி, பின்னேரம் திருப்பிக் கொண்டுவந்து விடுவது. எட்டுப் பேர் இருக்கக்கூடிய வான். வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஆஸ்திரேலியரும் நியூசிலாந்தரும். "ஆள் ஏற்றிச் சுடலை காட்டுகிற உத்தியோகம்" என்று லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் என் கூட்டாளிகள் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும். அவர்களில் பாதிப் பேர் இன்னும் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்கு முந்திய கதை இங்குள்ள எல்லாருடைய கதையும்தான். உணவகத்தில் கோப்பை கழுவினேன், கார்த் என்கிற வதிவிட அட்டை கிடைத்தது, பெர்மி என்கிற சாரதிப் பத்திரம் எடுத்தேன், லாச்சப்பல் மரக்கறிக் கடை ஒன்றுக்கு வான் ஓடினேன். கடைக்குப் பின்னால் இருந்த கராஜில் கிளேரின் அப்பா முசியே பெர்த்தியேயின் வானும் நிற்கும். ஒருநாள் அவருடைய சாரதி வரவில்லை. அவர் என் வானை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "மரக்கறி ஏற்றுகிற வண்டிக்குள் ஒரு கீரை இலைகூட இல்லையே, யார் கூட்டுவது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். வேலை கிடைத்துவிட்டது.

முசியே பெர்த்தியே சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நெடுத்த, மெலிந்த மனிதர். கோடையிலும் டை கட்டியிருப்பார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை. பிழை விட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடியும் மட்டும் எதிரே நிற்க வேண்டும். ஏச்சு வாங்குவதைவிட அது பெரிய தண்டனை.

அவருடைய சட்டங்கள் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். காலையில் ஆட்கள் ஏறுவதற்கு முன் கால்மிதி விரிப்புகளைக் கழற்றி உதற வேண்டும். நேற்று வந்தவர்களின் துக்கத்து மண்ணில் இன்று வருகிறவர்கள் கால் வைக்கக்கூடாதாம். ஒவ்வொரு பயணிக்கும் ஓர் அட்டை. அவர் தேடி வந்த ஆளின் பெயரும் கல்லறையின் இடமும் அதில் இருக்கும். கல்லறைத் தோட்ட வாசல் மதிலில் ஒரு சின்ன வெண்கலக் கதவு உண்டு. அதற்குள் பதிவுப் புத்தகம். பகுதி, வரிசை, இலக்கம் மூன்றையும் அதில் திரும்பச் சரிபார்த்து ஆளைக் கல்லுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பிறகு மூன்று கல்லறைக் கல் தள்ளி நிற்க வேண்டும். கிட்ட நின்றால் அழ வெட்கப்படுவார்கள். தூரப் போனால் விட்டுவிட்டுப் போனது மாதிரி இருக்கும். மணிக்கூடு பார்க்கக்கூடாது. எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று: "பெயர் கிடைக்காவிட்டால் 'இல்லை' என்று சொல்லாதீர்கள், ராசா. 'இங்கே இல்லை' என்று சொல்லுங்கள்."

தொப்பிப் பாடமும் நடத்தினார். ஒரு வாரம் முழுக்கக் கந்தோர் மேசையில் பழைய படங்களைப் பரப்பி வைத்துக் கேள்வி கேட்டார். நியூசிலாந்துக்காரனின் தொப்பி உச்சியில் நான்கு குழி விழுந்து கூர்ப்பாக நிற்கும். ஆஸ்திரேலியாக்காரனின் தொப்பி ஒரு பக்க விளிம்பை மேலே மடித்துக் குத்தியிருக்கும். "பெயர்கள் ஒன்றுபோல இருக்கும், முகங்கள் ஒன்றுபோல இருக்கும். தொப்பியைப் பாருங்கள்" என்பார்.

இந்த இரண்டு நாட்டாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பக்கத்துப் பக்கத்து நாடு, பேசுவது ஒரே பாஷை, கொடிகூட ஏறக்குறைய ஒன்றுதான். அந்தப் போரில் ஒரே பதுங்குகுழியில் நின்று சண்டை பிடித்தார்கள், ஒரே சேற்றில் செத்தார்கள். ஆனால் வானுக்குள் இரண்டு பகுதியையும் ஏற்றிவிட்டால் புறநகர் சார்செல் தாண்டுவதற்குள் வாய்ச்சண்டை தொடங்கிவிடும். முட்டை வெள்ளைக்கருவை அடித்துச் செய்கிற ஒரு கேக்கை முதலில் செய்தது யார் என்று ஒருநாள் அமியான் நகரம் வரை சண்டை பிடித்தார்கள். இன்னொன்று கிரிக்கெட். கடைசிப் பந்தில் நியூசிலாந்துக்கு ஆறு ஓட்டம் தேவை. ஆஸ்திரேலியாக்காரன் பந்தை எறியாமல் நிலத்தோடு உருட்டிவிட்டான். நடந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, இன்னும் அந்தப் பந்து என் வானுக்குள் உருண்டுகொண்டிருந்தது.

நானும் மாட்டுப்பட்டிருக்கிறேன். முதல் வருடம் நியூசிலாந்து அம்மா ஒருவருக்குக் கல்லடியில் குத்த ஒரு கடதாசிக் கொடி எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதைவிட என் கன்னத்தில் அறைந்திருக்கலாம்" என்றார். நான் கொடுத்தது ஆஸ்திரேலியக் கொடி. நியூசிலாந்துக்கு நட்சத்திரம் சிவப்பு, ஆஸ்திரேலியாவுக்கு வெள்ளை. நான் யாழ்ப்பாணத்து வடமராட்சியான். என்னை யாரும் பக்கத்துத் தென்மராட்சியான் என்று சொன்னால் எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அதன் பிறகு கொடி விஷயத்தில் பிழை விடவில்லை.

தென்மராட்சி என்றதும் என் மனைவி ஞாபகம் வருகிறாள். தண்ணீர்க் கலன் அவளால் வந்தது. தொடக்கத்தில் நான் கல்லறைத் தோட்டங்களுக்குள் போகாமல் வாசலில் நின்றேன். முசியே கண்ணாடி துடைத்தார். பிறகு போகத் தொடங்கினேன். அந்தக் கிழமையே சார்செல் வீட்டு வாசலில் பரமேஸ்வரி மறித்தாள்.

"இண்டைக்கு எத்தினை சுடலைக்குப் போட்டு வாறியள்?"

"நாலு."

"நாலு சுடலைக்குப் போட்டு வந்து அப்பிடியே குசினிக்குள்ளை கால் வைக்கிறியளோ? சாமிப்படம் இருக்கிற வீடப்பா!"

"அவையள் செத்து எண்பது வருசம் ஆகுது. சாவுத் துடக்கு இன்னும் நிக்குமே?"

"எத்தினை வருசத்திலை துடக்குப் போகுமெண்டு எங்கை எழுதிக் கிடக்கு? காட்டுங்கோ பாப்பம்."

தென்மராட்சியாரோடு வாதாடி வென்ற ஆளை நான் கண்டதில்லை. எங்கள் வீடு ஒன்பதாம் மாடி. கீழே கதவடியில் நின்று கால் கழுவினால் கட்டடக் காவல்காரி சும்மா விடமாட்டாள். அதனால் வானில் ஒரு கலன் தண்ணீர் வைத்தேன். கடைசிக் கல்லறைத் தோட்டத்தை விட்டு வெளியே வந்ததும் வானுக்குப் பின்னால் போய்ச் சப்பாத்தைக் கழற்றி, கை கால் கழுவி, தலையிலும் ஒரு சொட்டுத் தெளித்துக்கொள்வேன்.

ஒருநாள் அதை ஓர் ஆஸ்திரேலியப் பெண்மணி கண்டுவிட்டார். பேசாமல் சப்பாத்தைக் கழற்றிவிட்டு எனக்குப் பின்னால் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் அவருடைய கணவர். துடக்கு, தீட்டு என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் எட்டுப் பேரும் வெறுங்காலோடு வரிசையில் நிற்கிறார்கள், பயணத்தில் இதுவும் ஒரு சடங்கு என்று நினைத்து. ஒரு நியூசிலாந்துக்காரி குவளையை வாங்கி அந்த ஆஸ்திரேலியப் பெண்மணிக்கு ஊற்றினாள். "உங்கடை ஆக்களைக் கழுவ அஞ்சு லிட்டர் காணாது" என்று சொல்லிக்கொண்டுதான் ஊற்றினாள். ஆனால் இரண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்தது.

ஊருக்குப் போய் அவர்கள் நன்றிக் கடிதம் எழுதினார்கள். முசியே என்னைக் கூப்பிட்டார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ராசா, இது எந்த நூற்றாண்டுச் சடங்கு? எந்தப் படைப்பிரிவினுடையது? நான் எங்கும் படிக்கவில்லையே."

"முசியே, அது என் மனைவி போட்ட சட்டம்."

அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் முதலில் கண்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலை எடுத்து, பதினோராவது வரியைத் தன் கையாலேயே எழுதினார். அன்றிலிருந்து பயணிகள் ஒருவர் கையில் ஒருவர் ஊற்றிக்கொண்டார்கள். எல்லாரும் கழுவி முடிந்தபின் மிச்சத் தண்ணீரில் நான் எனக்கு ஊற்றிக்கொள்வேன்.

இனி ரொன், டக் கதை. நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, ஒக்டோபர் மாதம். இரண்டு பேரும் எழுபது தாண்டியவர்கள். ரொன் ஆஸ்திரேலியர், சிவந்த, பெருத்த உடம்பு, பெரிய தொண்டை. டக் நியூசிலாந்தர், சின்ன ஆள், வாயைத் திறக்காமலே பேசுவார். ரொன் கட்டியது டக்கின் தங்கை ஜீனை. ஐம்பது வருட மச்சான்மார். அவர்கள் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் நான் அதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன், மச்சான்மாரின் பகிடி எனக்கு வேறு பாஷையில் வராது.

அவர்களுடைய அட்டையில் வழக்கமான விபரம் இல்லை. இரண்டு நாள் முன்புதான் டக் தொலைபேசியில் பேசியிருக்கிறார். "தேடத் தேவையில்லை, அவர் எங்கள் சுவரில் இருக்கிறார், எங்களுக்குத் தெரியும்" என்றிருக்கிறார். முசியே அட்டையில் "தெரியும் என்கிறார்" என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். தெரியும் என்று சொல்கிறவர்களைக் கண்டால்தான் அவருக்குப் பயம்.

நெடுஞ்சாலையில் ரொன் தொடங்கினார்.

"மச்சான், உங்கடை நாட்டிலை ஆக்களைவிட ஆடுதானே கூட. சண்டைக்கும் ஆட்டையோ அனுப்பினனியள்?"

"ஓம். வழிகாட்ட ஆரும் வேணுமெண்டு உங்கடை ஆக்கள் கேட்டவையாம்."

"வாயைப் பார்!"

"நிலத்திலை பந்து உருட்டின சாதி கதைக்கப்படாது."

நான் சிரித்தேன். கொஞ்ச தூரம் போனதும் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தேன். ரொன் மடியில் ஒரு சீலைப் பை. அதற்குள்ளிருந்து ஒரு சோடி கம்பளிக் காலுறையை எடுத்துத் தடவிக்கொண்டிருந்தார். ஒன்று பழுப்புப் பிடித்த பழையது. மற்றது கணுக்கால் வரை பழையது. அதற்குக் கீழே புது நீலக் கம்பளி.

டக் கதையைச் சொன்னார். அவருடைய பாட்டனாரின் தம்பி வில் ஹார்லோ. போரில் இருந்த வில்லுக்குத் தாய் காலுறை பின்னிக்கொண்டிருந்தபோது சாவுத் தந்தி வந்தது. ஒன்று முடிந்திருந்தது, மற்றது பாதியில். தாய் அதற்குப் பிறகு ஊசியைத் தொடவில்லை. பாதிக் காலுறை ஊசியோடு அப்படியே தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் கைக்கு வந்து, கடைசியில் ஜீனிடம் வந்தது. போன மாரியில் ஜீன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அதை எடுத்துப் பின்னி முடித்தாள். "இரண்டு பேருமாக் கொண்டுபோய் அவனிட்டைக் குடுங்கோ. சண்டை பிடிக்காமல் போங்கோ" என்று சொல்லிவிட்டுச் செத்துப்போனாள்.

"முதல் பாதியைத்தான் செய்யிறம். இரண்டாவது பாதி முடியாது" என்றார் டக்.

லொங்வால் கிராமத்துக்குப் பக்கத்தில், உடல் கிடைக்காத நியூசிலாந்துக்காரர்களின் பெயர் பொறித்த சுவர் இருக்கிறது. படைப்பிரிவு வாரியாக, அதற்குள் அகர வரிசை. டக் நேரே போய் விரலை வைத்தார். ஹார்லோ இல்லை. அடுத்த பிரிவில் பார்த்தார். அங்கும் இல்லை. பிறகு முதல் கல்லிலிருந்து ஒவ்வொரு பெயராக, உதட்டை அசைத்து, விரலால் தடவி வாசித்துக்கொண்டு வந்தார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போயிருக்கும். ரொன் ஒரு பகிடியும் விடவில்லை. பையை நெஞ்சோடு பிடித்தபடி மச்சானுக்குப் பின்னால் ஒவ்வோர் அடியாக நகர்ந்து வந்தார். நான் என் மூன்று கல் தூரத்தில் நின்றேன். சுவர் முடிந்தது.

"இல்லை" என்றார் டக்.

"இங்கே இல்லை" என்றேன் நான். முசியே சொன்ன சட்டத்தையும் சொன்னேன்.

"நல்ல சட்டம். அப்ப எங்கையெண்டு சொல்லும்."

டக் படியில் உட்கார்ந்துவிட்டார். "சாகக் கிடந்துகொண்டு அவள் பின்னி முடிச்சவள். அதை நான் திருப்பிக் கொண்டுபோறதோ?" என்றார். அந்தச் சின்ன மனிதரின் தோள் குலுங்கியது. அவர்களுக்கு அன்று ஒரு நாள்தான். மாலை கார் டு நோரிலிருந்து லண்டன் ரயில், அடுத்த நாள் காலை அங்கிருந்து விமானம். எழுபது கடந்தவர்கள் உலகத்தின் அந்த முனையிலிருந்து இன்னொரு தரம் வரப்போவதில்லை.

படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். டக் பணப்பையிலிருந்து ஒரு சின்னப் படம் எடுத்துத் தந்தார். இளந்தாரி ஒருவன், சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறான். எனக்கு முகம் தெரியவில்லை, தொப்பிதான் தெரிந்தது. ஒரு பக்க விளிம்பு மேலே மடித்துக் குத்தியிருந்தது.

நாக்கு நுனிவரை வந்துவிட்டது, சொல்லப் பயம். கொடியை மாற்றிக் கொடுத்ததற்கே கன்னத்தில் அறைந்த மாதிரி என்றவர்கள். ஆளையே மாற்றிச் சொல்லப் போகிறேன், அதுவும் ஆஸ்திரேலிய மச்சானை வைத்துக்கொண்டு. ஆனால் அந்தப் பையைப் பார்த்தபிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

"இந்தத் தொப்பியைக் கவனித்தீர்களா?"

"அது பகிடிக்குப் போட்டது. எங்கடை வீட்டிலை எல்லாருக்கும் தெரியும். ஆரோ ஆஸ்திரேலியாக்காரனிட்டை வாங்கிப் போட்டவன்."

"கழுத்துப்பட்டியில் இருக்கிற சின்னமும் பகிடிக்கா?"

டக் படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். சூரியக் கதிர் விரிந்த மாதிரி ஒரு சின்னம். ரொன் அதை வாங்கிப் பார்த்தார். வேறு நேரமென்றால் துள்ளிக் குதித்திருப்பார். மன்னிப்புக் கேட்கிறவர் போல மெதுவாகச் சொன்னார்.

"மச்சான், இவன் எங்கடை ஆள்."

"வாயைப் பொத்து."

"எங்கடை உடுப்பு மச்சான் இது."

டக் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு சொன்னார். வில் போருக்கு முன்பே ஆட்டு மயிர் கத்தரிக்கிற வேலைக்கு ஆஸ்திரேலியா போனவன். அங்கேயே படையில் சேர்ந்திருக்கலாம். அப்படியென்றால் இத்தனை வருடமும் ஏன் ஆஸ்திரேலியப் பட்டியலில் ஒருவரும் தேடவில்லை என்று கேட்டேன். டக் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கடை பிள்ளை ஏன் உவங்கடை புத்தகத்திலை இருக்கப்போறான்?"

முசியேவுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். "கேள்விக்குறி போட்டிருந்தேனே" என்று மட்டும் சொன்னார். பத்து நிமிடத்தில் திருப்பி அழைத்தார். ஹார்லோ, ஆஸ்திரேலியக் காலாட்படை. வில்லேர்-பிரத்தொன்னோவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம். பகுதி, வரிசை, இலக்கம் மூன்றும் சொன்னார். அட்டையில் எழுதிக்கொண்டேன். அங்கே போக முக்கால் மணித்தியாலம், அங்கிருந்து பாரிசுக்கு மாலை நெரிசலில் இரண்டு மணித்தியாலம். மிச்சம் மிகக் கொஞ்சம். மணிக்கூட்டைக் கழற்றி முன்பெட்டிக்குள் போட்டுவிட்டு வானை எடுத்தேன்.

ஒக்டோபரில் அந்தப் பக்கம் பீட் கிழங்கு அறுவடை. எங்களுக்கு முன்னால் கிழங்கு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஊர்ந்தது. முந்த வழியில்லை. பின்னாலிருந்து டக் கேட்டார்.

"உம்மடை நாட்டிலையும் சண்டை நடந்ததெல்லே. உமக்கு ஆரும்..."

பயணிகளுக்கு நான் சொல்லாத கதை. அன்றைக்குச் சொன்னேன். எனக்கு ஒரு தம்பி. போராளி இயக்கத்துக்குப் போனவன். வன்னியில் அவனுக்கும் ஒரு கல் இருந்தது. போர் முடிந்தபின் அந்த இடத்தைத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். அவன் செத்தபோது நான் இங்கே கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கார்த் இல்லை, போக வழியில்லை. ஒரு கடிதத்தில்தான் அறிந்தேன்.

"இப்போது அந்தக் கல் இல்லை" என்றேன்.

டிராக்டர் ஒரு வயலுக்குள் திரும்பியது.

அந்தத் தோட்டத்தில் ஆறேழு வரிசைதான். மூன்றாம் வரிசையின் கடைசிக் கல். சூரியக்கதிர்ச் சின்னம், பெயர், படைப்பிரிவு, வயது இருபத்து மூன்று. டக் பெயரின் மேல் விரலை வைத்தார், எடுக்கவில்லை.

நியூசிலாந்துக்காரரின் கல்லில் வீட்டார் சொல்லும் வாசகம் இருக்காது. எல்லாரும் சமம், ஒருவருக்கும் வேண்டாம் என்று அவர்களுடைய அரசு அப்போது முடிவு செய்துவிட்டது. ஆஸ்திரேலியர் குடும்பத்துக்கு ஒரு வரி விட்டார்கள். அந்த வரி கல்லின் அடியில், புல்லோடு ஒட்டி வரும். வில்லின் கல்லில் அந்த இடம் பாசி பிடித்துக் கறுத்திருந்தது. மூன்று கல் தள்ளி நிற்கும் சட்டத்தை அன்று மீறினேன். வானுக்கு ஓடிப்போய்க் கலனை எடுத்துவந்து, தண்ணீரை ஊற்றி, உள்ளங்கையால் தேய்த்தேன். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. டக் முழங்காலில் இருந்து சத்தமாக வாசித்தார்.

"நியூசிலாந்துப் பிள்ளை. ஆஸ்திரேலியாவுக்கு இரவல் கொடுத்தோம். அம்மா."

பிள்ளையைப் பறிகொடுத்த தாய், அந்தத் துக்கத்திலும் பக்கத்து நாட்டாருக்கு ஒரு குட்டு வைத்திருக்கிறாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பின்னால் வந்தவர்கள்தான் வீம்பில் மறந்துபோனார்கள். ரொன் சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

"நூறு வருசம்" என்றார் டக். "இரவல் வாங்கினதை இன்னும் திருப்பித் தரேல்லைப் பாத்தியே. பிறகு வந்து ஜீனையும் கொண்டுபோனாய். அவளையும் தரேல்லை."

"நான் தந்திருப்பன் மச்சான். அவள்தான் என்னை விட்டிட்டு வரமாட்டன் எண்டவள்."

இரண்டு கிழவர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் மூன்று கல் தள்ளிப் போய் நின்றேன், நானும் அழுதேன். காலுறையைக் கல்லின் மேல் வைத்தால் தோட்டக்காரர்கள் எடுத்துவிடுவார்கள் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தேன். என் சாப்பாட்டுப் பெட்டியில் கிடந்த கரண்டியை ரொன் கேட்டு வாங்கினார். நான் மறுபக்கம் திரும்பி வயலைப் பார்த்தேன். திரும்பியபோது காலுறை இல்லை, கல்லடி ரோசாச் செடியைச் சுற்றி மண் புதிதாக இருந்தது. நான் ஒன்றும் காணவில்லை. கிளேர், இதைக் காப்புறுதிக்காரருக்குக் காட்ட வேண்டாம்.

வாசலில் சப்பாத்தைக் கழற்றினார்கள். கலனில் கொஞ்சம்தான் மிச்சம். டக்குக்கு ரொன் ஊற்றினார், ரொனுக்கு டக் ஊற்றினார். வழக்கம்போல எனக்கு நானே ஊற்றிக்கொள்ளக் குவளையை வாங்கப் போனேன். டக் தரவில்லை.

"கையை நீட்டும்" என்றார். "இது உம்மடை தம்பிக்கு."

ரொன் கலனைச் சரித்துப் பிடிக்க, டக் குவளையில் வாங்கி என் கையில் ஊற்றினார். பிறகு காலில். நான் தலையைக் குனிந்தேன், தலையிலும் தெளித்தார். எத்தனையோ வருடமாகத் துடக்குப் போகட்டும் என்று கழுவியவன் நான். என் தம்பியின் செத்தவீட்டுக்குப் போகக் கிடைக்காதவன். அன்றைக்குத்தான் போய் வந்தேன். எங்கேயோ பிறந்த இரண்டு மச்சான்மார் கூட வந்து, கை கால் கழுவத் தண்ணீர் ஊற்றினார்கள்.

"கல்லு இல்லையெண்டு சொல்லாதையும்" என்றார் டக், குவளையைத் திருப்பித் தந்துகொண்டு. "உம்மடை முதலாளி சொல்லித் தந்ததை மறந்திட்டீரே?"

ரயிலைப் பிடித்துவிட்டார்கள், கதவு மூடப்போகிற நேரத்தில். மேடையில் ஓடும்போதும் யார் மெதுவாக ஓடுகிறது என்று சண்டை. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் இரண்டு பேரிடமிருந்தும் எனக்குத் தபாலட்டை வரும். ஒருவர் அனுப்பிய முத்திரை அழகில்லை என்று மற்றவர் எழுதுவார்.

நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. சேர்ந்து செத்த இந்த இரண்டு நாட்டாரும் ஒரு பந்துக்கும் ஒரு கேக்குக்கும் சண்டை பிடிக்கிறார்கள். ஒரே தீவில் ஒருவரை ஒருவர் கொன்ற நாங்களும் எங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலாவது அப்படிச் சின்ன விஷயத்துக்கு மட்டும் சண்டை பிடிக்கிறவர்களாக ஆகலாம். ஒருவர் பக்கத்தில் செத்தவருக்காக மற்றவர் தண்ணீர் ஊற்றலாம். நடக்கும் என்றுதான் நினைக்கிறேன். முன்பு அப்படி நினைத்ததில்லை.

ஆகவே கிளேர், தண்ணீர் குடிக்கவுமல்ல, என்ஜினுக்குமல்ல. பதினோராவது வரியை அழிக்க வேண்டாம். உங்கள் அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே என்னுடையதாக ஒரு வரி மட்டும் சேர்த்துவிடுங்கள்: சாரதி தனக்குத் தானே ஊற்றக்கூடாது. வந்தவர்களில் யாராவது ஒருவர் அவருக்கு ஊற்ற வேண்டும்.